முப்பது பேரின் மெசின்

போன கிழமை எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை, பைக்குள் ஆறு டின். பாலில் கலந்து குடிக்கிற ஏதோ சத்து மா. இறக்குமதி திறந்துவிட்ட பிறகு கடைகளில் வெளிநாட்டுச் சாமான் நிரம்பிக் கிடக்கிறது. இந்த டின் மட்டும் கடைக்கு வராதாம். ஆளுக்கு ஆள்தான் கைமாறுமாம். நான் ஆறு டின் வாங்கி நாலு பேரைச் சேர்த்துவிட்டால், அவர்கள் வாங்குவதில் எனக்குப் பங்கு. அவர்கள் சேர்க்கிறவர்கள் வாங்குவதிலும் பங்கு.

"ஐயா கணக்குத் தெரிஞ்ச மனுசன். உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை," என்றார்.

"ஓம் டீச்சர். அதாலதான் வேண்டாம் எண்டுறன்."

அவருடைய முகம் சுருங்கியது. "ஏன் ஐயா, இதில என்ன களவு இருக்கு? சாமான் இருக்கு, விலை இருக்கு. நான் உங்களை ஏமாத்துவனோ?"

ஏமாற்ற மாட்டார். அதுதான் இதில் மோசமான பகுதி. இப்படியான விஷயங்களில் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே வருகிறவர் ஒருநாளும் கள்ளனாக இருப்பதில்லை. நாங்கள் நம்புகிற ஆளாகத்தான் இருப்பார். என் மனைவியின் தமையனும் அப்படித்தான் வந்தார்.

அவர் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் கரைவலைச் சம்மாட்டி. வலையும் வள்ளமும் அவருடையவை. இழுக்க முப்பது பேர், ஒரு கயிற்றுக்குப் பதினைந்து பேர் வீதம். அந்த வேலையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போய், வலையை அரைவட்டமாகப் போட்டுக்கொண்டு மற்றக் கயிற்றைத் தூரத்தில் கரைசேர்க்கும். இரண்டு பகுதியும் இழுத்து இழுத்து ஒன்றை ஒன்று நெருங்கி வரும்போது, நடுவிலே மீன் நிறைந்த மடி, அதாவது வலையின் பை, மணலில் ஏறும். விற்ற காசில் வலைக்கு ஒரு பாகம், இழுத்தவர்களுக்கு மிச்சம். மடி ஏறுமுன்பு வழியால் போகிறவன் வந்து கயிற்றில் கை வைத்தாலும் அவனுக்குக் கறிக்கு மீன் கொடுக்க வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனாலும் அதை மீறின சம்மாட்டியை நான் கண்டதில்லை.

சோளகக் காற்று வீசுகிற மாதங்களில்தான் அந்தக் கரையில் தொழில். வாடைக் காற்று தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், வலை கரையோரக் கொட்டிலான வாடிக்குள் கிடக்கும், இழுக்கிறவர்களின் வீட்டில் அடுப்பு எரியாது. அப்போது சம்மாட்டி முற்பணம் கொடுப்பார். அதை வாங்கினவன் அடுத்த பருவத்துக்கு அவருடைய கயிற்றில்தான் கை வைப்பான். என் மைத்துனர் ஒவ்வொரு ஆளின் வீட்டுக்கும் இருபத்தைந்து ரூபா கொடுப்பார். எந்த வருடமும் பிந்தியதில்லை.

நான் அப்போது துறைமுகக் களஞ்சியத்தில் எழுதுவினைஞன். ஓர்ஸ் ஹில் பக்கத்தில் வாடகை வீடு. பிரித்தானியக் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போய்ச் சில காலம். வேலை இழந்தவர்கள் தெருத்தெருவாகக் கதைத்துக்கொண்டு திரிந்தார்கள். களஞ்சியத்தில் விட்டுப்போன ஆணி, வாளி, விளக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் எண்ணுவது என் வேலை. அந்தப் பழக்கம் பிறகு என்னை விட்டுப் போகவில்லை. கோயிலுக்குப் போனாலும் தூண்களை எண்ணிவிட்டுத்தான் கும்பிடுவேன். மைத்துனர் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வாடைக் காலத்தில் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல தமிழ், வெள்ளைக் காற்சட்டை, மடிப்புக் கலையாத சட்டை. கையில் ஒரு கட்டு கார்ட். ஒரு கார்ட் பத்து ரூபா. வாங்கினவர் ஐந்து பேருக்கு விற்க வேண்டும். அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து பேருக்கு விற்க வேண்டும். ஐந்தும் இருபத்தைந்தும் முப்பது. முப்பது பேர் சேர்ந்ததும் முதலாமவர் வீட்டுக்குப் புதுத் தையல் மெசின் வந்து இறங்கும். பத்து ரூபாவுக்கு மெசின்.

மைத்துனர் அதை என் வீட்டு முன்னறைக் கதிரையில் இருந்து சொன்னார். என் மனைவிக்குத் தையல் தெரியும், மெசின் இல்லை. அடுத்த தெருவுக்குத் துணியைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொருத்தியின் மெசினில் தைத்துவிட்டு வருவாள். அதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்திருக்க வேண்டும். தங்கை என்றால் அவருக்கு உயிர்.

"முதலாவது பேர் தங்கச்சியின்ரதாக இருக்கட்டும். முப்பது பேருக்கு நான் எங்க போறது? என்ர ஆக்களே முப்பது பேர். இந்த முறை முற்பணத்தில பதினைஞ்சைக் காசாக் குடுத்து, பத்துக்குக் கார்ட்டைக் குடுத்தால் சரி," என்றார்.

"அவங்களுக்கு எப்ப மெசின் வரும் மச்சான்?"

"அவங்களும் ஆள் சேர்ப்பாங்கள்தானே."

நான் ஒரு கடதாசியை எடுத்துப் பெருக்கிக் காட்டினேன். கடைசியாகச் சேர்கிற இருபத்தைந்து பேருக்கும் மெசின் வர வேண்டுமென்றால் புதிதாக எழுநூற்று ஐம்பது பேர் வேண்டும். அந்த எழுநூற்று ஐம்பதில் கடைசி வரிசை மட்டும் அறுநூற்று இருபத்தைந்து. அவர்களுக்கும் வர வேண்டுமென்றால் பதினெட்டாயிரத்து எழுநூற்று ஐம்பது. "கைப்பிள்ளையும் மறியல்வீட்டில கம்பி எண்ணுறவனும் கார்ட் வாங்கினாலும் இந்த ஊர் காணாது," என்றேன். இன்னொன்றையும் சொன்னேன். ஒருவன் கட்டுகிற பத்து ரூபாவை அவனைச் சேர்த்தவனின் மெசினுக்கும் கணக்குக் காட்டுகிறார்கள், அந்தச் சேர்த்தவனைச் சேர்த்தவனின் மெசினுக்கும் கணக்குக் காட்டுகிறார்கள். ஒரே பத்து ரூபா இரண்டு மெசின் வாங்குமா?

மைத்துனர் கடதாசியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மறுபக்கம் வெறுமை.

"நீங்கள் வாளி எண்ணிற மனுசன் மச்சான். உங்களுக்கு எல்லாம் குறைஞ்சுதான் தெரியும். நான் கரைவலைக்காரன். கயிற்றில முதல் நிக்கிறவனும் இழுக்கிறான், கடைசியில நிக்கிறவனும் இழுக்கிறான். மடி ஏறினா எல்லாருக்கும் பங்கு. இதுவும் அதுதான்."

"மடிக்குள்ள மீன் எங்கால வருது?"

"என்ன கதை இது?"

"கடலில மீன் இருக்கு. அதால எல்லாருக்கும் பங்கு வருது. இந்த மடிக்குள்ள உங்கட ஆக்களைத் தவிர ஒண்டும் இல்லை."

அவர் என் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "உன்ர மனுசனைக் கட்டினதுக்கு உனக்கு ஒரு மெசின் இல்லை, ரெண்டு மெசின் குடுக்க வேணும் பிள்ளை."

அவளும் சிரித்தாள். பிறகு குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டாள். அவளுக்கு மெசின் வேண்டும் என்று எனக்குத் தெரியும். கடதாசியைத் திருப்பி வாங்கி மடித்து வைத்தேன்.

வாடிக்குள் ஆட்களைக் கூப்பிட்டு அவர் விளக்கம் சொன்னபோது நானும் போயிருந்தேன். கார்ட்டைப் பற்றி, ஆளுக்கு ஐந்து பேரைச் சேர்த்தால் மெசின் வரும் என்பதற்கு மேல் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வலையைப் பற்றித்தான் சொன்னார். ஐந்து மூத்த ஆட்களைத் தலைவர்களாக வைத்தார், மற்ற இருபத்தைந்து பேரையும் அவர்களுக்குக் கீழே பிரித்தார். கயிற்றில் யார் யாருக்குப் பக்கத்தில் நிற்பார்களோ அப்படியே பிரித்தார். அவர்களுக்கு அது பழகின ஒழுங்கு. பதினைந்து ரூபாவையும் கார்ட்டையும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கொழும்புக்காரர் நேரே வந்து சொல்லியிருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பார்கள். சம்மாட்டியார் சொன்னபடியால் கேட்கவில்லை.

மெசின் வந்தது. அதை மறைக்க மாட்டேன். பாரம் தூக்குகிற இரண்டு பேர் லொறியிலிருந்து இறக்கி முன்னறையில் வைத்தார்கள். கறுப்பு உடம்பு, பொன்னிறக் கோடு, மிதிகட்டை, பக்கத்தில் நூலும் ஊசியும் போட்டு மூட இரண்டு லாச்சி. என் மனைவி அதைத் தொட்டுப் பார்க்கவே பயந்தாள். சல்லியிலிருந்து பெண்கள் நடந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் கையைப் பிடித்து மெசினின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றவைத்தாள். மைத்துனர் அந்தக் கிழமை என்னைக் காணும்போதெல்லாம், "எண்ணிப் பாத்தீங்களோ மச்சான், ஒண்டு சரியா இருக்குதோ?" என்று கேட்டார்.

ஒன்று சரியாக இருந்தது. அந்த ஒன்றைக் கண்டபடியால்தான் ஆட்கள் ஓடித் திரிந்தார்கள். ஐந்து பேரைப் பிடிக்க வேண்டும் என்று சாம்பல்தீவுக்குப் போனார்கள், நிலாவெளிக்குப் போனார்கள். பெண் கொடுத்த வீடு, பெண் எடுத்த வீடு, ஒன்றும் மிச்சம் விடவில்லை. முன்பு சும்மா சுகம் விசாரிக்கப் போகிற வீடுகளுக்கு இப்போது கார்ட்டோடு போனார்கள். தூரத்தில் கண்டதும் படலையைச் சாத்துகிற ஆட்கள் உண்டானார்கள். "கார்ட் கொண்டு வந்தனீரோ, கதைக்க வந்தனீரோ?" என்று வாசலில் வைத்தே கேட்டார்களாம். கொழும்புக்காரர் இன்னொரு தரம் வந்து, விற்ற கார்ட்டுகளின் காசை எல்லாம் வாங்கிக்கொண்டு, அடுத்த லொறியில் ஐந்து மெசின் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். கார்ட்டில் இருந்த விலாசத்துக்கு மைத்துனர் போய்ப் பார்த்தார். கீழே ஒரு சைவக் கடை, மேலே பூட்டின அறை.

கொழும்பிலிருந்து திரும்பி நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். கதிரையில் இருக்கவில்லை. "வருவான். கணக்கில ஏதோ பிசகு," என்றார்.

அப்போதுதான் என் மனைவி கேட்டாள், "இஞ்சேருங்கோ, இந்த மெசின் ஆரின்ர காசில வந்தது?"

நான் சொன்னேன். முப்பது பேரின் பத்து ரூபா. முந்நூறு. மெசினின் விலை அதைவிடக் குறைவாக இருக்கும், மிச்சம் கொழும்புக்காரரின் காற்சட்டைப் பையில். அவர் தன் காசில் ஒரு சதமும் போடவில்லை. எங்களுக்குப் பரிசு கிடைத்ததாக நினைத்தோமே, அது சல்லி ஆட்களின் வாடைக்கால அரிசி.

அவள் மெசினில் இருந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு, "அண்ணை, இதை வித்து அவையளுக்குக் குடுப்பம்," என்றாள்.

ஒருதரம் வாங்கிவிட்டால் புது மெசினும் பழைய மெசின்தான். நூற்றெண்பது கிடைக்கும் என்று நான் மதித்தேன். தலைக்கு ஆறு ரூபா. ஆறு ரூபா பத்து ரூபா ஆகாது, ஆனால் ஒன்றுமில்லாததும் ஆகாது. பருவம் தொடங்க இன்னும் காலம் இருந்தது. அந்த ஆறு ரூபாவை மைத்துனரே கொண்டுபோய் ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்து, "நான் பிழைவிட்டுவிட்டேன்" என்று சொல்லியிருந்தால் அவருடைய வலை இன்றைக்கும் அந்தக் கரையில் கிடந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அவர் கேட்கவில்லை. "நான் குடுத்ததைத் திருப்பி விக்கிறதோ? வித்தால் நான் கள்ளன் எண்டு நானே சொன்னமாதிரி," என்றார்.

"விக்காட்டி அவங்கள் சொல்லுவாங்கள் மச்சான்."

"என்ர ஆக்கள் சொல்ல மாட்டாங்கள்."

சொன்னார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. கணக்கைப் பாருங்கள். முப்பது பேரின் முற்பணத்தில் தலைக்குப் பத்துப் பிடித்தது யார்? சம்மாட்டி. அந்தக் காசில் வந்த ஒரே மெசின் யார் வீட்டில் நிற்கிறது? சம்மாட்டியின் தங்கை வீட்டில். பருவம் தொடங்கினால் அந்தப் பத்தும் கடனாகப் பங்கிலிருந்து கழிபடப்போகிறது யாரிடம்? அவர்களிடம். அந்த மனிதன் ஒரு சதமும் களவெடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் களவெடுத்திருந்தால் கணக்கு எப்படி இருந்திருக்குமோ அப்படியே இருந்தது. ஒரு எண்ணும் வித்தியாசம் இல்லை.

சோளகம் வந்தது. வலை போடுகிற முதல் நாள் காலையில் நானும் என் மனைவியும் போனோம். ஒவ்வொரு வருடமும் போவோம், பொங்கல் இருக்கும். அன்றைக்கும் பொங்கினார்கள். வள்ளம் போனது. துடுப்பு வலிக்கிற நாலு பேரும் மைத்துனரின் சொந்தக்காரர். வலையைப் போட்டு மற்றக் கயிற்றைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். முப்பது பேரும் வந்திருந்தார்கள். நான் எண்ணினேன், ஒருவர் குறையவில்லை. தென்னைகளுக்குக் கீழே கை கட்டிக்கொண்டு நின்றார்கள். கயிறு மணலில் கிடந்தது.

மைத்துனர் கூப்பிட்டார். ஒருவரும் அசையவில்லை. இன்னொருதரம் கூப்பிட்டார். அவர் தலைவர்களாக வைத்த ஐந்து பேரில் வயது கூடின ஒருவர்தான் முன்னுக்கு வந்து, மரியாதை குறையாமல் சொன்னார்:

"அஞ்சு பேரைப் பிடியுங்கோ சம்மாட்டியார். அவங்கள் ஆளுக்கு அஞ்சு பேரைக் கொண்டு வருவாங்கள். முப்பது பேர் சேர்ந்திடும்."

பின்னால் யாரோ சிரித்தான். "மெசினைக் கொண்டு வந்து கட்டி இழுங்கோவன்," என்றான் இன்னொருவன்.

வலை கடலில் கிடந்தது. கடலில் கிடக்கிற வலையைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க ஏலாது, நீரோட்டம் அதைப் பாறைக்குக் கொண்டுபோகும். மைத்துனர் போய்க் கயிற்றைத் தூக்கினார். வள்ளத்தில் போன நாலு பேரும் பிடித்தார்கள். நான் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பிடித்தேன். என் மனைவி சேலையைச் செருகிக்கொண்டு எனக்குப் பின்னால் பிடித்தாள். அந்தக் கரையில் பெண்கள் கயிறு பிடிக்கிற வழக்கம் இல்லை. மரத்தடியில் நின்றவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்கள், ஆனாலும் வரவில்லை. ஏழு பேர், இரண்டு கயிறு. ஒரு பக்கத்தை இழுத்துக் கட்டிவிட்டு மற்றப் பக்கத்துக்கு ஓடினோம். என் உள்ளங்கைத் தோல் உரிந்து போனது. மடி ஏறும்போது உச்சி வெயில். வலை பாறையில் பிடித்து மூன்று இடத்தில் கிழிந்திருந்தது. உள்ளே கொஞ்சம் சூடை மீன், கொஞ்சம் கீரி மீன், நிறையப் பாசி.

மைத்துனர் குனிந்து அந்த மீனைப் பிரித்தார். வலிக்கிறவர்களுக்குக் கொடுத்தார். பிறகு ஒரு கை அள்ளி ஓலையில் வைத்து என்னிடம் நீட்டினார். கயிற்றில் கை வைத்தவனுக்குக் கறிமீன். வழக்கத்தை மீறவில்லை.

"எண்ணிப் பாருங்கோ மச்சான்," என்றார். சிரிப்பதற்குத்தான் சொல்லியிருப்பார். முகம் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

அந்தப் பருவம் முடியுமுன்னரே வலையையும் வள்ளத்தையும் மூதூர் வியாபாரி ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். நியாயமான விலைதான் கொடுத்தார். அதில் மைத்துனர் முப்பது பேருக்கும் பத்துப் பத்து ரூபாவாகக் கொடுத்துத் தீர்த்தார். ஆறு ரூபாவோடு போயிருக்க வேண்டிய காரியம் ஒரு வலையைத் தின்றது. காசை வாங்கினார்கள், கதைக்கவில்லை. அவர்கள் சாம்பல்தீவிலும் நிலாவெளியிலும் சேர்த்த சொந்தக்காரர்களின் காசை யாரும் கொடுக்கவில்லை. அந்தக் கணக்கு இன்னும் அப்படியே கிடக்கிறது. சில வீடுகள் ஒன்றுக்கொன்று நல்லது கெட்டதுக்குப் போவதில்லை. ஏன் என்று கேட்டால் இப்போதிருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது.

மைத்துனர் அடுத்த சோளகத்தில் நிலாவெளிப் பக்கத்தில் வேறொருவரின் கயிற்றில் இழுக்கப் போனார். பங்குக்கு இழுக்கிற ஆளாக, வரிசையில் கடைசியில். எங்கள் வீட்டுக்கு வந்தால் முன்னறைக்குள் வரமாட்டார். பின்பக்கத்தால் வந்து குசினி வாசலில் இருந்து தங்கையோடு கதைத்துவிட்டுப் போய்விடுவார். கொழும்புக்காரனை அவர் மன்னித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன், அவனைப் பற்றிப் பேசும்போது கோபம் வராது. என்னை மன்னிக்கவில்லை. நான் பெருக்கிக் காட்டின கடதாசி சரியாக இருந்தது, அதற்காக. சாகும்வரை என்னிடம் சுகம் கேட்டதில்லை. நான் சரியாக எண்ணினதால் எனக்கும் ஒரு லாபமும் இல்லை, அவருக்கும் இல்லை.

என் மனைவி ஒரு காரியம் செய்தாள். பத்து ரூபா திரும்பிப் போனாலும் அவளுக்கு மனம் ஆறவில்லை. முப்பது வீட்டுக்கும் ஆளுக்கொரு சட்டை தன் செலவில் தைத்துக் கொடுப்பதென்று தொடங்கினாள். அதற்கு எத்தனையோ மாதம் பிடித்தது. துணி நான் வாங்கிக் கொடுத்தேன், முறுமுறுத்துக்கொண்டுதான். பத்தொன்பது வீடு வாங்கியது. மற்றவர்கள் வேண்டாமென்பதற்கு ஏதேதோ சாட்டுச் சொன்னார்கள். முன்பு பிள்ளையின் கையைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றவைத்தவள் மட்டும் சாட்டுச் சொல்லவில்லை. சட்டையை மடித்தபடி திருப்பிக் கையில் கொடுத்து, "நாங்கள் கேட்டது மெசின் அக்கா, சட்டை இல்லை," என்றாளாம்.

இதையெல்லாம் நான் டீச்சருக்குச் சொல்லவில்லை. எனக்கு மூச்சு வாங்கும், வயது போய்விட்டது. சுருக்கமாகத்தான் கேட்டேன்: "நீங்கள் இதுவரைக்கும் எத்தினை டின் எடுத்திருக்கிறீங்கள்?"

"நாப்பத்திரண்டு."

"எத்தினை வித்தீங்கள்?"

"பதினொண்டு. மிச்சம் அலுமாரியில இருக்கு. நானும் குடிக்கிறன்தானே, நல்ல சாமான்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார், "என்னைச் சேர்த்தது என்ர மகள், ஐயா."

மகளுக்குப் போகிற பங்கு இந்தத் தாயின் கைக்காசுதான் என்று எனக்கு விளங்கிவிட்டது.

என் மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். டீச்சர் பேச்சை மாற்ற நினைத்து, மூலையில் நின்ற மெசினைப் பார்த்தார். "நல்ல பழைய மெசின். இப்ப உப்பிடி எங்க கிடைக்குது? இன்னும் ஓடுதோ?"

"ஓம், ஓடுது," என்றாள் என் மனைவி. "அண்ணை ஒரு வலை குடுத்து வாங்கித் தந்தவர்."

டீச்சருக்கு அது விளங்கியிருக்காது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஆறு டின்னையும் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். "யோசிச்சுச் சொல்லுங்கோ ஐயா," என்றார். வாசல்வரை போனேன். பை பாரம், ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். எங்கள் தெருவில் அந்தப் பக்கம் இன்னும் பதினான்கு வீடு இருக்கிறது. முதல் வீட்டுப் படலையை அவர் தட்டுகிற சத்தம் கேட்டது. உள்ளே ஆட்கள் இருந்தார்கள், வானொலி பாடிக்கொண்டிருந்தது. பிறகு வானொலியை யாரோ குறைத்தார்கள். படலை திறக்கவில்லை.